கடைமடைக்கும் தண்ணி வரணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு பெண்களும் சேமிப்பும். சேமிப்பைப் பத்தி எனக்கு முன்னாடி பேசின மூணு பேரும் நல்லாவே சொல்லிட்டாங்க. அதனால தலைவி அக்காகிட்ட அனுமதி வாங்கிக்கிட்டு நான் வேற ஒண்ணு பேசுறேன். நம்ம பிள்ளைங்க வாங்குற மார்க்கைப் பத்தி. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலை, ரெண்டு மாடு, எங்க குழுவோட கணக்கு நோட்டு, இதுதான் என் உலகம். ஆனா அந்தக் கணக்கு நோட்டுதான் என்னை இதைப் பேச வெச்சது.

எங்க குழு நோட்டைப் பிரிச்சுப் பார்த்தா, வருஷம் பூரா உள்கடன் வாங்குறவங்க காரணம் பல விதமா இருக்கும். மாடு, வீட்டுக் கூரை, ஆஸ்பத்திரி, நாத்து நடவுக்கு முன்பணம். ஜூன் மாசம் வந்தா மட்டும் எல்லாருக்கும் ஒரே காரணம், பள்ளிக்கூட ஃபீஸ். மே கடைசியிலிருந்து ஜூன் 15 வரைக்கும் கொடுக்கிற கடன்ல பெரிய பங்கு தனியார் பள்ளி ஃபீஸ், வேன் ஃபீஸ், சீருடை, ஷூ. அந்தக் கடனைத் திருப்பிக் கட்டி முடிக்கிறதுக்குள்ள அடுத்த ஜூன் வந்துடும். ஏன் அங்க சேர்க்கிறேன்னு கேட்டா எல்லாரும் சொல்றது ஒண்ணுதான். "நம்ம புள்ள பின்னாடி தங்கிடக் கூடாது."

அந்தப் பயம் நியாயமான பயம். பின்னாடி தங்குறது உண்மையாவே நடக்குது. ஆனா எங்க தங்குது, எப்பத் தங்குது, எதனால தங்குதுன்னு நாம உட்கார்ந்து பேசினதே கிடையாது.

பெரிய ஏரியிலிருந்து வாய்க்கால்ல தண்ணி வரும்போது என்ன ஆகும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். தலைமடைக்காரங்க கொல்லை நிறைஞ்சு வழியும். கடைமடைக்காரங்க மண்வெட்டியோட ராத்திரி முழுக்கக் காத்துக்கிட்டு இருப்பாங்க. ரெண்டு கொல்லையும் ஒரே மண்ணு, ஒரே விதை. அறுப்பு அன்னிக்கு மட்டும் மூட்டை கணக்கு வேற வேற. அதைப் பார்த்துட்டு கடைமடை மண்ணு சரியில்லைன்னு யாராவது சொன்னா நாம சும்மா விடுவோமா? பிள்ளைங்க விஷயத்துல மட்டும் "அவனுக்கு மண்டையில ஏறல"ன்னு நம்ம வாயாலயே சொல்லிடுறோம்.

நான் பத்தாவது படிச்ச காலத்துல மெட்ரிக்குக்கு ஒரு புத்தகம், ஸ்டேட் போர்டுக்கு ஒரு புத்தகம், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல்னு தனித்தனிப் புத்தகம். அப்ப மார்க்கு வித்தியாசத்துக்குப் புத்தகம்தான் காரணம்னு பேசுவாங்க. 2010-ல ஒண்ணாவதுக்கும் ஆறாவதுக்கும் சமச்சீர்க் கல்வி வந்துச்சு. அடுத்த வருஷம் கோர்ட்டு வரைக்கும் போயி, சுப்ரீம் கோர்ட்டு சொன்ன பிறகு மத்த வகுப்புக்கும் வந்துச்சு. புத்தகம் ஒண்ணாயிடுச்சு. நல்ல காரியம்தான், நான் குறை சொல்லல. ஆனா புத்தகம் ஒண்ணானதால வீடு ஒண்ணாயிடல. ஒரு வீட்டுல சாயங்காலம் டியூஷன், இன்னொரு வீட்டுல சாயங்காலம் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. கொட்டை உடைச்ச கை எப்படிக் கருத்துப் போயிருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கையால பென்சில் பிடிச்சு எழுதுற பொண்ணும், ஏ.சி. ரூம்ல டியூஷன் படிக்கிற பொண்ணும் ஒரே கேள்வித்தாளுக்குத்தான் பதில் எழுதணும்.

பையன்களுக்கு வேற மாதிரி. முகூர்த்த நாள்ல ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பையனுங்க வகுப்புல பாதிப் பேர் இருக்கிறதில்லை. கேட்டரிங்ல சப்ளை பண்ணப் போயிடுறானுங்க. கையில காசு வந்ததும் பள்ளிக்கூடம் கசக்குது. நம்ம தமிழ்நாட்டுல பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட்டு வரும்போது வருஷா வருஷம் மாணவிகள்தான் தேர்ச்சி விழுக்காட்டுல முன்னாடி நிக்கிறாங்க. பாத்திரம் தேய்ச்சு, தண்ணி தூக்கி, தம்பியைப் பார்த்துக்கிட்டே முன்னாடி நிக்கிறாங்க. அதனால வறுமை மட்டும்தான் காரணம்னு ஒரே வார்த்தையில முடிச்சிட முடியாது. வீட்டுல யாரை எதுக்கு விடுறோம்ங்கிறதும் இருக்குது.

இடைவெளி எப்ப ஆரம்பிக்குது? பத்தாவது ரிசல்ட்டு அன்னிக்குத்தான் நமக்குத் தெரியுது. ஆனா அது ரெண்டாவது, மூணாவதுலயே ஆரம்பிச்சுடுது. பிரதம்னு ஒரு தொண்டு நிறுவனம் இருக்கு. 2005-லிருந்து இந்தியா முழுக்கக் கிராமங்கள்ல வீடு வீடாப் போயி பிள்ளைங்களைப் படிக்கச் சொல்லிப் பார்க்கிறாங்க. பெரிய பரீட்சை எதுவும் இல்ல. எழுத்து, வார்த்தை, சின்னப் பத்தி, ரெண்டாம் வகுப்புக் கதை ஒண்ணு, அப்புறம் கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு. அஞ்சாவது படிக்கிற பிள்ளைங்கள்ல பல பேரால ரெண்டாவது கதையைப் படிக்க முடியலன்னு திரும்பத் திரும்ப அவங்க அறிக்கை சொல்லுது. ஒண்ணாவதுல எழுத்து பிடிபடாத பிள்ளைக்கு ரெண்டாவது பாடம் புரியாது, மூணாவது பாடம் கேக்கவே கேக்காது. வாத்தியார் மேல மட்டும் தப்பு சொல்ல முடியாது. அவருக்கு வருஷத்துக்குள்ள பாடத்தை முடிச்சாகணும். புத்தகம் முன்னாடி ஓடுது, பிள்ளை அதே இடத்துல நிக்குது.

போன பொங்கல் லீவுல எங்க குழுவுல ஒரு காரியம் செஞ்சோம். எல்லாரும் அவங்கவங்க பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. ரெண்டாவது தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் படிக்கச் சொன்னோம். 52-ல 17 போனா எவ்வளவுன்னு நோட்டுல போடச் சொன்னோம். தனியார் பள்ளிக்கு வேன்ல போற பிள்ளைங்களும் இருந்தாங்க, நம்ம ஊர்ப் பள்ளிப் பிள்ளைங்களும் இருந்தாங்க. வேன்ல போற பிள்ளைங்க இங்கிலீஷ் ரைம்ஸ் அழகாச் சொன்னாங்க. கடன் வாங்கிக் கழிக்கச் சொன்னப்ப ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் முழிச்சாங்க. அன்னிக்கு எங்க குழுவுல ஒரு அக்கா, கணக்கு நோட்டைப் பார்த்தபடியே, "நான் இன்னும் அஞ்சு தவணை கட்டணும்"னு மட்டும் சொன்னாங்க. யாரும் சிரிக்கல.

இதைப் பத்தி ஒரு சமுதாயப் பயிற்றுநர் எங்களுக்கு ஆந்திரா கதை ஒண்ணு சொன்னாங்க. 2008-ல அங்க 180 கிராமத்துல ஒரு சோதனை பண்ணாங்க. அரசுப் பள்ளிப் பிள்ளைங்கள்ல விருப்பப்பட்டவங்க பேரை எல்லாம் குலுக்கிப் போட்டு, பேர் விழுந்த பிள்ளைக்கு அந்த ஊர்த் தனியார் பள்ளி ஃபீஸைக் கட்டிக் கொடுத்தாங்க. பேர் விழாத பிள்ளை அரசுப் பள்ளியிலயே படிச்சுது. குலுக்கல்ங்கிறதால ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வீட்டுப் பிள்ளைங்க. ரெண்டு வருஷம் கழிச்சும், நாலு வருஷம் கழிச்சும் பரீட்சை வெச்சுப் பார்த்தாங்க. தெலுங்குலயும் கணக்குலயும் வித்தியாசம் இல்லை. இந்தியில மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைங்க நல்ல மார்க்கு. ஏன்னா அங்க இந்திக்கு நேரம் ஒதுக்குறாங்க. இதுல தனியார் பள்ளிக்கும் ஒரு நல்ல பேர் இருக்கு, அதையும் சொல்லணும். அரசு ஒரு பிள்ளைக்குச் செலவழிக்கிறதுல மூணுல ஒரு பங்குகூட ஆகாத செலவுல, குறைஞ்ச நேரத்துல, அதே தெலுங்கையும் கணக்கையும் சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஆனா கடன் வாங்கிக் கட்டுற நமக்கு அதுல என்ன லாபம்ங்கிறதை அவங்கவங்கதான் கணக்குப் போட்டுப் பார்க்கணும். தனியார் பள்ளியில படிக்கிற பிள்ளைகளோட மார்க்கு அதிகமா இருக்கிறதுல பாதிக்கு மேல, அந்த வீட்டுல ஏற்கனவே இருக்கிற வசதியும் படிச்ச அப்பா அம்மாவும்தான்னு எனக்குத் தோணுது.

இப்ப ஊரடங்கு காலத்துக்கு வரேன். இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

2020 மார்ச்சுல பள்ளிக்கூடம் மூடினாங்க. 1 முதல் 8 வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. ஒண்ணாவது படிக்கிறப்ப வீட்டுக்கு வந்த என் சின்னவன், திரும்பப் போனப்ப மூணாவது. நடுவுல ரெண்டாவதுங்கிற ஒரு வகுப்பே அவன் வாழ்க்கையில இல்லை. கல்வித் தொலைக்காட்சியில பாடம் போட்டாங்க. ஆன்லைன்ல பாடம்னு தனியார் பள்ளியில லிங்க் அனுப்பினாங்க. எங்க தெருவுல பல வீட்டுல ஒரே செல்போன், அதுவும் வீட்டுக்காரர் வேலைக்குப் போகும்போது எடுத்துட்டுப் போயிடுவார். சிக்னல் கிடைக்கணும்னா மாடிக்கு ஏறணும். மாடி வீடு இருக்கிறவங்க எத்தனை பேர்?

அந்த நேரத்துல நம்ம தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன்னு மூணு பொருளாதார அறிஞர்கள் செஞ்சது. ஆரம்பப் பள்ளி வயசுல இருக்கிற ஏறக்குறைய 19,000 பிள்ளைங்களை வெச்சுப் பார்த்தாங்க. ஊரடங்குக்கு முன்னாடி 2019-ல அதே கிராமங்கள்ல பரீட்சை வெச்சது அவங்க கையில இருந்துச்சு. 2021 டிசம்பர்ல அதே ஊர்ல, அதே வயசுப் பிள்ளைங்களுக்கு மறுபடி வெச்சாங்க. கணக்குல ரொம்பப் பெரிய சரிவு, தமிழ்ல அதுல பாதி அளவுக்குச் சரிவு. சரிவு எல்லாருக்கும் ஒரே மாதிரி வரல. வசதி குறைஞ்ச வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் இழப்பு அதிகம். ஏற்கனவே பின்னாடி இருந்தவங்க இன்னும் பின்னாடி போனாங்க. இது நமக்கு ஆச்சரியம் இல்லை, நாம கண்ணால பார்த்தோம்.

ஆச்சரியம் அதுக்கு அப்புறம்தான். பள்ளிக்கூடம் திறந்து ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் பார்த்தாங்க. விட்டதுல மூணுல ரெண்டு பங்கைப் பிள்ளைங்க பிடிச்சுட்டாங்க! அதுவும் வசதி குறைஞ்ச வீட்டுப் பிள்ளைங்கதான் அதிகமா மேல வந்திருக்காங்க. அப்படி மீண்டு வந்ததுல ஏறக்குறைய 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால வந்ததுன்னு கணக்குப் போட்டுச் சொல்லியிருக்காங்க. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைங்க அந்த மையத்துக்கு அதிகமாப் போனதும் அவங்க மேல வந்ததுக்கு ஒரு காரணம்னு சொல்றாங்க.

இல்லம் தேடிக் கல்வி உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2021 அக்டோபர் 27-ம் தேதி பக்கத்து விழுப்புரம் மாவட்டத்துல மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்துல முதலமைச்சர் தொடங்கி வெச்சார். பறையடிச்சு, ஆட்டம் ஆடி, கலைக்குழு தெருத் தெருவா வந்து சொன்னாங்க. சாயங்காலம் திண்ணையில, கோயில் மண்டபத்துல, மரத்தடியில வகுப்பு. ஒரு மையத்துக்கு 20 பிள்ளைங்க. சொல்லிக் கொடுத்தது யாரு? நம்ம வீட்டுப் பொண்ணுங்க. பன்னிரண்டாவது முடிச்சவங்க சின்னப் பிள்ளைங்களுக்கு, டிகிரி முடிச்சவங்க நடுநிலைப் பிள்ளைங்களுக்கு. மாசம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. காலேஜ் முடிச்சுட்டு மாப்பிள்ளை பார்க்கிற வரைக்கும் வீட்டுல சும்மா இருந்த பொண்ணுங்க எத்தனை பேரு அதுல டீச்சர் ஆனாங்க! எங்க தெருவுல வகுப்பு எடுத்த பொண்ணு பாட்டும் கதையுமாத்தான் ஆரம்பிக்கும். முதல் மாசம் எழுத்தே சொல்லிக் கொடுக்கல. "என்னம்மா ஆடுறதுக்கா அனுப்புறோம்"னு கேட்டோம். "அக்கா, ஒன்றரை வருஷமா வாயைத் திறக்காத பிள்ளைங்க. முதல்ல வாயைத் திறக்கட்டும்"னு சொல்லிச்சு.

அந்த மையம் எங்க தெருவுல இப்ப இல்லை. அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகிப் போயிடுச்சு, வேற ஆளும் வரல. சாயங்காலம் பிள்ளைங்க மறுபடியும் செல்போனும் கையுமா உட்கார்ந்திருக்குதுங்க.

இந்த மாதிரி உள்ளூர்ப் பொண்ணுங்க சொல்லிக் கொடுத்தா உண்மையிலயே பிடிபடுமா, டீச்சர் டிரெயினிங் படிக்காதவங்கதானேன்னு சந்தேகம் வரலாம். இதுக்கும் முன்னாடி ஒரு சாட்சி இருக்கு. 2001-லிருந்து 2003 வரைக்கும் மும்பையிலயும் குஜராத் வடோதராவிலயும் பிரதம் அமைப்பு "பால்சகி"ன்னு ஒரு திட்டம் நடத்திச்சு. பிள்ளைகளுக்குத் தோழின்னு அர்த்தம். பள்ளிப் படிப்பு முடிச்ச உள்ளூர் இளம்பெண்கள், மூணாவது நாலாவதுல பின்தங்கின பிள்ளைகளை மட்டும் 15, 20 பேரா தனியாக் கூட்டிட்டுப் போயி தினம் ரெண்டு மணி நேரம் எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்தாங்க. சம்பளம் ரொம்பக் கொஞ்சம். அதை ஆராய்ச்சி பண்ணினவங்கள்ல அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோன்னு ரெண்டு பேர் இருந்தாங்க. 2019-ல பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கினவங்க. மார்க்கு ஏறிச்சு, அதுலயும் ரொம்பக் கீழ இருந்த பிள்ளைகளுக்குத்தான் அதிகம் ஏறிச்சுன்னு அவங்க கண்டாங்க. பிள்ளை எந்த வகுப்புங்கிறதைப் பார்க்காம, பிள்ளைக்கு எதுவரைக்கும் தெரியும்னு பார்த்து, அங்கிருந்து ஆரம்பிக்கிற இந்த முறை ஆப்பிரிக்காவுல ஜாம்பியா வரைக்கும் போயிருக்கு. நம்ம பள்ளிக்கூடத்துலயும் 2022-லிருந்து எண்ணும் எழுத்தும் வந்திருக்கே, அதுல அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைகளைப் பிரிக்கிறதும் இதே யோசனைதான். உங்க பிள்ளையை அரும்புல போட்டிருந்தா டீச்சர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. அரும்புல இருக்கிற பிள்ளையை மலர்ல உட்கார வெச்சா அது சும்மா உட்கார்ந்துட்டுத்தான் வரும்.

சாப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம வடலூர்க்காரங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1867-ல வள்ளலார் தருமசாலையில மூட்டின அடுப்பு இன்னிக்கும் எரியுது. பசியோட இருக்கிறவன்கிட்ட வேற எதுவும் பேச முடியாதுங்கிறது நம்ம ஊருக்குத் தெரிஞ்ச விஷயம். காமராஜர் 1956-ல மதிய உணவு கொண்டாந்தார், 1982-ல எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவா விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15-ல மதுரையில காலை உணவு ஆரம்பிச்சு, 2023 ஆகஸ்ட் 25-ல எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு. கிராமத்துல அந்த உப்புமாவையும் பொங்கலையும் கிச்சடியையும் சமைக்கிறது யாரு? நம்ம சுய உதவிக் குழுப் பெண்கள்தான். இந்தக் கூட்டத்துலயே இருக்காங்க. விடியக்காலை எழுந்து போய் அடுப்பு மூட்டுறாங்க. காலையில நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் ஓடுற தாய், பிள்ளைக்குப் பழையதைக்கூடக் கரைச்சுக் கொடுக்க நேரமில்லாம போன காலம் ஒண்ணு இருந்துச்சு. முதல் பீரியடுல தலை சுத்திச் சாயுற பிள்ளைக்கு எந்த டீச்சர் வந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தாலும் ஏறாது. அந்த விதத்துல நம்ம குழுப் பெண்கள் ஏற்கனவே மார்க்கு இடைவெளியைக் குறைக்கிற வேலையிலதான் இருக்காங்க. அவங்களுக்கு ஒரு கைதட்டு கொடுங்க.

நம்ம மாவட்டத்துக்குன்னு இன்னொரு கஷ்டம் இருக்கு. புயலும் வெள்ளமும். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே வந்துச்சு, முந்திரியும் பலாவும் வேரோட போச்சு. 2015 நவம்பர்ல குறிஞ்சிப்பாடி பக்கம் வெள்ளம். ஒவ்வொரு தடவையும் புத்தகம், நோட்டு, சான்றிதழ் எல்லாம் தண்ணியில. தலைமடைப் பிள்ளைக்கு லீவு விட்டா வீட்டுல பாடம் நடக்கும். நம்ம பிள்ளைக்கு லீவுன்னா லீவுதான். மழை லீவு, கோடை லீவு, அப்பா கரும்பு வெட்டப் போகும்போது கூடப் போறது, செங்கல் சூளைக்குப் போறது, இப்படிச் சின்னச் சின்னதாச் சேர்ந்துதான் ஒரு வகுப்பு அளவுக்கு இடைவெளி ஆகுது. ஊரடங்கு அதை ஒரே தடவையில பெரிசாக் காட்டிச்சு, அவ்வளவுதான்.

இப்ப பெரிய பிள்ளைகளைப் பத்திச் சில விவரம். நோட்டு வெச்சிருக்கிறவங்க குறிச்சுக்கங்க. எட்டாவது படிக்கிற அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைங்களுக்கு என்.எம்.எம்.எஸ்.னு ஒரு பரீட்சை உண்டு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு மூணரை லட்சத்துக்குள்ள இருக்கணும். பாஸாகித் தேர்வானா ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் வருஷத்துக்கு 12,000 ரூபாய். நாலு வருஷத்துக்கு 48,000. தமிழ்நாட்டுக்கு வருஷம் 6,695 பேருக்குக் கிடைக்கும். ஒன்பதாவதுல ஊரகத் திறனாய்வுத் தேர்வு, மாவட்டத்துக்கு 50 பசங்க, 50 பொண்ணுங்க. டாக்டர் படிப்புல 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ல சட்டம் ஆச்சு. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு. அடுத்த வருஷமே இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, சட்டத்துக்கும் வந்துச்சு. புதுமைப்பெண் திட்டத்துல காலேஜ் போற பொண்ணுக்கு மாசம் 1000.

இதை எல்லாம் ஏன் சொல்றேன்னா, நம்மள்ல பல பேர் ஆறாவது வரும்போது கடன் வாங்கிப் பிள்ளையைத் தனியாருக்கு மாத்துறோம். மாத்தின அன்னிக்கே இதுல பலது கையை விட்டுப் போயிடுது. மாத்தாதீங்கன்னு நான் சொல்லல, அது அவங்கவங்க வீட்டு முடிவு. எது போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுங்க. போன வருஷம் எங்க பக்கத்துல ஒரு தங்கச்சி, நீட் எழுதி நல்ல மார்க்கும் வாங்கின பொண்ணுக்கு 7.5-ல இடம் கேட்கப் போனாங்க. ஏழாவதும் எட்டாவதும் காசு கட்டித் தனியார் பள்ளியில படிச்சதால தகுதி இல்லைன்னு வந்துடுச்சு. ரெண்டே வருஷம். அந்த ரெண்டு வருஷ ஃபீஸும் கடன் வாங்கிக் கட்டினது.

ஒதுக்கீடு வந்ததுனால மட்டும் எல்லாம் சரியாயிடும்னு நான் நினைக்கல. நீட்டுக்குக் கோச்சிங்னு லட்சக்கணக்குல வாங்குறாங்க. ஒரு வருஷம் வீட்டுல உட்கார்ந்து ரெண்டாவது தடவை எழுதுறதுக்கும் வசதி வேணும். நம்ம வீட்டுப் பொண்ணு ஒரு வருஷம் வீட்டுல உட்கார்ந்தா வர்ற கேள்வி, எப்ப கல்யாணம்ங்கிறதுதான். அதனால கடைசியில போயி ஒதுக்கீடு தேடுறதோட, ரெண்டாவது மூணாவதுலயே அடைப்பை எடுக்கிற வேலையும் நடக்கணும். வாய்க்கால் தூர் வாராம மதகை மட்டும் திறந்து என்ன பிரயோஜனம்?

என் அம்மா அறிவொளி இயக்கத்துல கையெழுத்து கத்துக்கிட்டவங்க. அரிக்கேன் விளக்கு வெச்சு ராத்திரி வகுப்பு நடக்குமாம். இன்னிக்கும் பேங்க்ல கையெழுத்துப் போடும்போது மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போடுவாங்க, ஆனா ரேகை வெக்க மாட்டாங்க. அப்ப அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது பக்கத்துத் தெருவுல எட்டாவது படிச்ச ஒரு அண்ணன். யாரும் அவரைத் தகுதி கேட்கல.

நம்ம சங்கமும் அப்படி வந்ததுதான். 1989-ல தருமபுரியில ஆரம்பிச்சு, அப்புறம் நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்தப்ப, பொம்பளைங்க கையில காசு நிக்குமான்னு கேட்டவங்க உண்டு.

சரி, கோரிக்கைக்கு வரேன். தலைவி அக்கா மணி பார்க்கிறாங்க.

முதலாவது, வீட்டுலயே செய்யக்கூடியது. மாசத்துக்கு ஒரு நாள், குழுக் கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிட்டு வந்து ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்க. நமக்குப் படிக்கத் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்லை. தங்குதடை இல்லாம ஓடுதா, எழுத்துக்கூட்டி நின்னு நின்னு வருதான்னு காதுக்குத் தெரிஞ்சுடும். நம்ம கழனியில தண்ணி எங்க நிக்குதுன்னு ராத்திரியில கால் வெச்சே கண்டுபிடிக்கிறவங்கதானே நாம. நிக்கிற பிள்ளைங்க பேரை ஒரு நோட்டுல எழுதுவோம். அடிக்கிறதோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோட ஒப்பிட்டுத் திட்டுறதோ கூடாது. இதைத் தீர்மானத்துலயே எழுதணும்னு கேட்டுக்கிறேன்.

ரெண்டாவது, நம்ம குழுக் கட்டடம் சாயங்காலம் பூட்டித்தான் கிடக்குது. அதைத் திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் திறப்போம். குழுவுக்கு மாசம் 100 ரூபாய்னா 20 குழுவுக்கு 2,000 ஆச்சு. அதுல 1,500 சொல்லிக் கொடுக்கிற பொண்ணுக்கு, 500 சாக்பீஸ், நோட்டு, கரண்டுக்கு. உரிமைத்தொகை வாங்குறவங்க தலைக்கு 10 ரூபாய் போட்டாலே வந்துடும். அந்தப் பொண்ணு வராத நாள்ல நான் போய் உட்காருறேன். பத்தாவது படிச்சது ரெண்டாவது புத்தகத்துக்குப் போதும்.

யாரைச் சேர்க்கிறதுன்னு ஒரு கேள்வி போன கூட்டத்துலயே வந்துச்சு. முதல் மார்க்கு வாங்குற பிள்ளைகளையும் சேர்த்தா பேர் நல்லா இருக்கும்னு ஒருத்தர் சொன்னாங்க. எனக்கு அதுல சம்மதம் இல்லை. இடம் 20 பேருக்குத்தான் இருக்கு. படிக்க நிக்கிற பிள்ளைங்களுக்கு முதல்ல. காலனித் தெருவுப் பிள்ளைங்களும் இதே கட்டடத்துல இதே பாயில உட்காரும். அதுக்குச் சங்கடப்படுறவங்க இப்பவே சொல்லிடுங்க, அப்புறமா பிள்ளையை நிறுத்திக்க வேணாம்.

மூணாவது சின்னது. ஜூன் மாசம் ஃபீஸுக்குக் கடன் கேட்டு வர்றவங்ககிட்ட, பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஊக்குநர் ஒரு அஞ்சு நிமிஷம் மேல சொன்ன உதவித்தொகை விவரத்தைச் சொல்லணும். கடன் வேணாம்னு தடுக்கக் கூடாது. சொல்லிட்டுக் கொடுக்கணும், அவ்வளவுதான்.

இந்த மூணும் தீர்மானம் நாலா இன்னிக்கு ஓட்டுக்கு வருது. ரெண்டு குழு இன்னும் யோசிக்கணும்னு சொல்லியிருக்காங்க, யோசிக்கட்டும். பன்னிரண்டாவதுக்கு மேல படிச்ச பொண்ணு வீட்டுல இருந்தா, டீ குடிக்கிற நேரத்துல பேரை எங்கிட்ட கொடுங்க. கரும்பலகைக்குப் பெயிண்ட் வாங்கியாச்சு, பில் பொருளாளர் அக்காகிட்ட இருக்கு. கட்டடத்துல டியூப்லைட் ரெண்டும் எரியல. ஏணி இருக்கிறவங்க ஞாயித்துக்கிழமை காலையில எடுத்துக்கிட்டு வாங்க. சாவி எங்க வீட்டுல இருக்கும்.